பதினான்கு ரய்யான்களும் ஒரு வாடிக்கையாளரும்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸலாம். நீயும் மச்சானும், எதற்கெடுத்தாலும் வாதாடுகிற உன் மகள் வக்கீலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். மலைக்குள் வேலை செய்கிறவனுக்குச் சளி பிடிக்காது என்று இங்கே வருமுன் ஒருவன் சொன்னான். பிடித்துவிட்டது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சுரங்கம் இப்போது எண்ணூறு மீட்டர் உள்ளே போயிருக்கிறது. இயந்திரம் மலையைக் குடைகிறது, நான் இயந்திரத்தைக் குடைகிறேன். போனில் சிக்னல் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை சிமெண்ட் லாரிதான் தபாலை எடுத்துப்போகிறது. அதனால் நான் சொல்லப்போகிற செய்தி உன் கைக்கு வரும்போது கொஞ்சம் ஆறியிருக்கும். பரவாயில்லை, சூடு குறையாத செய்தி.

மாத்திரை முழுகாமல் இருக்கிறாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று என் மனைவிக்கு நீ வைத்த பெயர் அது. இப்போது எனக்கே அவள் நிஜப் பெயர் வாயில் வருவதில்லை. எட்டு வருஷம் அக்கா. போன வாரம் லீவில் போயிருந்தபோது சொன்னாள். சொல்லிவிட்டு, நான் நம்பவில்லையோ என்று பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்தாள். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேனாம். போனில் சொல்ல வேண்டாம், கடிதத்தில் எழுதுங்கள் என்றாள். உன் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், நாம் பேசுவது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

பையனாக இருந்தால் ரய்யான் என்று வைக்கலாமா? இங்கே கான்கிரீட் பம்ப் ஓட்டுகிறவர் அரபு தெரிந்தவர். தாகத்தோடு இருப்பவன் 'அத்ஷான்', அது தீரக் குடித்தவன் 'ரய்யான்' என்றார். நோன்பாளிகள் நுழைகிற சொர்க்கத்து வாசலுக்கும் அதே பெயராம். பள்ளிக்கூடச் சட்டைகளில் பெயர் தைத்துத் தைத்து ஊர்ப் பெயரெல்லாம் உன் விரலில் இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

துஆ செய்.
உன் தம்பி

மார்ச் 24

என் தம்பிக்கு,

அக்காவின் ஸலாமும் முத்தமும். நாங்கள் நலம். சளிக்கு ஆவி பிடி, தலையைத் துவட்டாமல் திரியாதே.

உன் கடிதம் கடைக்கே வந்தது. யாருடைய சட்டைப் பையிலோ பெயர் தைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்தபோது எழுத்தெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி தெரிந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து இரண்டு முறை விழுந்துவிட்டது. முதலாளியம்மா என்னவென்று கேட்டார், கண்ணில் நூல் தூசி என்றேன். அல்ஹம்துலில்லாஹ். அவள் படியில் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள். மேல் அடுக்கில் இருக்கிற மருந்தை எட்டி எடுக்க வேண்டாம் என்று சொல்.

இனி பெயர். அது வேண்டாமே.

கெட்ட பெயர் என்று சொல்லவில்லை. போன வருஷம் மட்டும் இந்தக் கையால் பதினான்கு ரய்யான் தைத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் மட்டும் நான்கு பேர். டீச்சர் என்ன செய்வார் பாவம், உயர ரய்யான், கண்ணாடி ரய்யான், பல் விழுந்த ரய்யான் என்று மூன்று பேரைப் பிரித்துவிட்டார். நான்காமவனிடம் விசேஷமாக ஒன்றும் இல்லையாம், அவன் 'சும்மா ரய்யான்'. அவன் அம்மா கடைக்கு வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். எட்டு வருஷம் காத்திருந்து பெறுகிற பிள்ளை சும்மா ரய்யானாக வேண்டுமா? ஸுஹைல் என்று வை, நட்சத்திரத்தின் பெயர். லபீப் என்று வை, அறிவாளி என்று அர்த்தம்.

எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் பித்தம். எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு ஸலாம்.

பித்தம் இறங்கியதா? இங்கே சளி இறங்கிவிட்டது, இருமல் ஏறியிருக்கிறது.

லபீப் என்பதை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். யாரோ டீயை ஊதிக் குடிக்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஸுஹைல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரைக்கு ரய்யான்தான் பிடித்திருக்கிறது. வயிற்றைத் தொட்டு அந்தப் பெயரைச் சொல்லியே பேச ஆரம்பித்துவிட்டாளாம். பதினாலு பேருக்கு இருந்தால் என்ன? பதினாலு தாய் தகப்பன் யோசித்துப் பிடித்துப்போய் வைத்த பெயர் என்றுதானே அர்த்தம்? யாருக்கும் பிடிக்காத பெயர்தான் ஊரில் ஒருவனுக்கு மட்டும் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். நீ இன்னும் அவளைப் போய்ப் பார்க்கவில்லையாமே. மூன்று மணி நேர பஸ்தானே? அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றாலே பை நிறைய சாமானோடு போய் நிற்கிறவள் நீ. அவள் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

தம்பி

மே 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் இருமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளி திறக்கப்போகிற சமயம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் போகவில்லை. பருத்தித் துணியில் நான்கு தளர்வான மேலாடை தைத்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளச் சொல்.

அந்தப் பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. எழுதுவதில் பெரிய தகராறு. ஒருத்தி ரயான் என்கிறாள், ஒருத்தி ரையான், ஒருத்தி ரியான். போன வாரம் ஒருவர் ஒரு 'ய' போதும் என்று எழுதிக் கொடுத்தார். தைத்து முடித்தபின் அவர் மனைவி வந்து 'ய்' வேண்டும் என்றாள். ஆறு சட்டையைப் பிரித்துத் தைத்தேன். நாளைக்கு உன் பிள்ளை சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று ஆபீஸ் ஆபீஸாக அலைவான். தமீம் பார், எப்படி எழுதினாலும் தமீம்தான்.

தவிர, என் வாடிக்கையாளர் ஒருத்தி இருக்கிறாள். இளம்பெண் இல்லை, காலம் போன காலத்தில் உண்டாகியிருக்கிறாள். அவளும் இந்தப் பெயரைத்தான் நினைத்துவைத்திருக்கிறாள். பாவம், நீ எழுதுவதற்கு முன்பிருந்தே. ஒருவேளை உனக்கு வேறு பெயர் பிடித்துப்போனால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். சும்மா சொன்னேன்.

இரண்டு மாடி ஏறினால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. லிஃப்ட் பழுது பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத வீட்டில் இருக்கிறேன்.

அக்கா

மே 25

அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்காக உன் தம்பி பிள்ளையின் பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாய். ஊரில் பதினாலு பேர் வைத்துக்கொண்டபோது பதினைந்தாவதாக நான் வைத்தால் அவளுக்கு என்ன நஷ்டம்?

எட்டு வருஷமாக எல்லாவற்றிலும் ஒதுங்கி நின்றோம் அக்கா. அடுத்தவர் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடுகளில் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்கிறோம். இந்த ஒன்றிலாவது எங்களை யாரும் நகரச் சொல்லாமல் இருக்கலாம். நீ சொல்வாய் என்று நினைக்கவில்லை.

பெயரை நாங்கள் மாற்றுவதாக இல்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 30

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள், நீங்கள் எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடுகிறவள், ஸலாம் சொல்லி எழுதுவது. ஐந்து வாரமாக அம்மா ஏன் பதில் போடவில்லை என்று நீங்கள் கோபமாக இருப்பீர்கள். எதிர்த்தரப்பு சார்பில் நான் ஆஜராகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

அந்த வாடிக்கையாளர் அம்மாதான்.

கொஞ்சம் உட்கார்ந்து மேலே படியுங்கள். ஏழாவது மாசம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் மூன்று வாரமாக எழுந்திருக்க விடவில்லை. இப்போது இறங்கிவருகிறது, பயப்பட ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று வயதில் இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியதுதான் என்கிறார். எனக்குத்தான் எதிர்பார்க்கக் கூடியதாக இல்லை. கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்குத் தம்பி பிறக்கப்போகிறான் என்றால் தோழிகள் என்ன சொல்வார்கள் என்று ஒரு வாரம் அம்மாவோடு பேசாமலே இருந்தேன். பிறகு தோழிகளிடம் சொன்னேன். பிறந்ததும் தூக்கிப்பார்க்க வரலாமா என்று வரிசையில் நிற்கிறார்கள். எதற்காக ஒரு வாரம் வீணாக்கினேன் என்று தெரியவில்லை.

பெயர் விஷயம். பிப்ரவரிக் கடைசியில் அம்மாவுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ஐந்து நாள். ஆறாவது நாள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அது அப்படியே தங்கியது. அன்றைக்குக் கடையில் முதல் வேலை ஒரு ரய்யான். அர்த்தம் என்னவென்று அந்தத் தாயிடம் கேட்டிருக்கிறார். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். உங்கள் முதல் கடிதம் வந்தபோது நானும் கடையில்தான் இருந்தேன். அன்று விஷயத்தைச் சொல்லி உங்களுக்கு எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்து மெஷின் பக்கத்தில் வைத்திருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் பேனாவை மேசைக்குள் போட்டு மூடிவிட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எட்டு வருஷம் அவங்க கேட்டுக் கேட்டு நின்னாங்க. எனக்குக் கேக்காமலே கிடைச்சிருக்கு. எந்த முகத்தை வச்சிக்கிட்டு நானும்னு சொல்றது?" என்றார். அவ்வளவுதான்.

தீர்ப்பு உங்களுடையது. அப்பா உங்களுக்கு ஸலாம் சொல்கிறார். அவர் இந்த மாசம் மூன்று லிஃப்டில் தவறான மாடிக்குப் பொத்தான் வைத்திருக்கிறார்.

பணிவுடன்,
வக்கீல்

ஜூலை 14

என் அக்காவுக்கு,

எழுந்திருக்காதே, படுத்துக்கொண்டே படி.

உன் மகள் எழுதிவிட்டாள். திட்டாதே, அவள் எழுதாமல் இருந்திருந்தால் நான் உன்மேல் வைத்திருந்த கோபத்தை ஊருக்கு வரும்வரை சுமந்திருப்பேன். சுரங்கத்து வாயில் நின்று படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பம்ப் ஓட்டுகிறவர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். "எங்க அக்காவுக்குக் குழந்தை" என்றேன். அக்காவுக்கு எத்தனை வயது என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது உன் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடி வாரை அறுத்தேன். நீ யாரிடமும் சொல்லாமல் அறுந்த செருப்போடு மேடையில் நடந்தாய். நாற்பத்து மூன்று வயதிலும் அதே மாதிரிதான் இருக்கிறாய்.

பெயரை நீ எடுத்துக்கொள். எனக்குத் தமீம் இருக்கிறான், ஸுஹைல் இருக்கிறான். லபீப்தான் வேண்டாம்.

மாத்திரைக்கு மட்டும் உன் விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. எழுத்துத் தகராறு இருக்கிறது, வேறு பெயர் பார்ப்போம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மாத்திரை வேளைக்குச் சாப்பிடு. நான் சொல்வது மருந்தை.

தம்பி

ஜூலை 28

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி ஸலாம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு? அடுத்த தடவை எத்தனை என்று அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள், 'பரவாயில்லை' என்பது எனக்குப் போதாது.

ஆமாம், தெரியும். ஏப்ரலிலிருந்தே தெரியும். மார்ச் மாதத்தில் மூன்று தடவை போன் செய்து, கடைக்கு வருகிற ஒருத்திக்கு வாந்தி நிற்கவில்லை, குழந்தைக்குக் கெடுதல் இல்லாத மாத்திரை எது என்று கேட்டீர்கள். ஏப்ரலில் அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பத்து மூன்று, ரத்த அழுத்தம் உண்டு என்றீர்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டு ஓடினீர்கள். உங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாந்தி எடுத்தது வாடிக்கையாளர் இல்லை என்று எனக்குக் கேட்டது.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இப்போது இவரும் திடீரென்று பெயரில் 'ய்' தகராறு என்று எழுதுகிறார். நட்டு போல்ட்டைத் தவிர வேறெதிலும் பிழை பார்க்காத மனிதர். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சுற்றித் திரை கட்டுகிறீர்கள் என்று புரிந்தது.

அக்கா, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நான் உள்ளே வந்தால் பெண்கள் பிள்ளைப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் எதிரில் கைக்குழந்தையைக்கூடக் கொஞ்சமாட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அறை காலியானது போல இருக்கும். நீங்கள் ஒருவர்தான் நிறுத்தாதவர். வக்கீல் பல் முளைத்த கதையிலிருந்து பள்ளியில் அடி வாங்கிய கதை வரை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது நீங்களும் அந்தப் பெண்களில் ஒருவராகிவிட்டீர்களே என்றுதான் அழுகை வந்தது. உங்களுக்கு உண்டானதற்கு இல்லை.

எனக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். ஒரே கட்டிலில் இரண்டு வயிறு கொள்ளாது, மச்சானை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். பெயரைப் பற்றி நேரில் சண்டை போடுவோம்.

உங்கள்,
மாத்திரை

செப்டம்பர் 8

தம்பிக்கு,

ஸலாம். இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பையன் பிறந்தான். நானும் அவனும் நலம். உன் மனைவி என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நர்சுகளையே அதட்டினாள். எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். டாக்டரே வந்து அதைப் படித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் நிறைமாத வயிற்றோடு எனக்கு வேலை செய்கிறாள், நான் பச்சை உடம்போடு அவளைத் தடுக்கிறேன். வக்கீல் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தண்டனை கொடுக்கிறாள். மச்சான் வரவேற்பறைச் சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. நீங்கள்தான் முதலில் நினைத்தது, வையுங்கள் என்கிறாள் அவள். நீதான் வயிற்றைத் தொட்டுக் கூப்பிட்டது, உனக்கே என்கிறேன் நான். எங்கள் சண்டையில் அவன் பெயர் இப்போதைக்கு 'இவன்'. இவன் அழுகிறான், இவன் தூங்கிவிட்டான்.

மழையில் உங்கள் மலைச்சாலை சரிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. சாலை திறந்ததும் லீவு கேள்.

அக்கா

செப்டம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க துஆ. முகாம் அலுவலகத்து ஒயர்லெஸ்ஸில் ஆண் குழந்தை, தாய் நலம் என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். நான்தான் சொல்லி அனுப்பச் சொன்னேன். அதில் பாதிதான் அன்றைக்கு உண்மை. சாலை இல்லாத மலையில் நீ இருக்கும்போது மறுபாதியை அனுப்பி என்ன பயன்? இப்போது இரண்டும் உண்மை. அதனால் முழுவதும் எழுதுகிறேன், பதறாமல் படி.

பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிள்ளை சின்னது, ஆனால் சத்தம் பெரியது. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. நான்கு நாள் தனி அறையில் வைத்துவிட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். இந்தப் பக்கம் உன் பிள்ளை, பாட்டில் பாலை நாக்கால் தள்ளித் தள்ளி விடுகிறான். நர்ஸ் மூன்று முறை முயன்றாள். உதடு காய்ந்துபோய் அழ ஆரம்பித்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். எழுந்திருக்க முடியாத நிலையிலும் தலையைத் திருப்பி, அவனைக் காட்டி, என் பக்கம் கையை நீட்டினாள். வேறென்ன கேட்க வேண்டியிருக்கிறது? என் பிள்ளையை வக்கீல் கையில் கொடுத்துவிட்டு உன் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

குடித்தான் தம்பி. பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி குடித்து, வாயை எடுக்காமலே தூங்கிவிட்டான். நான்கு நாளும் முதலில் அவன், பிறகு என் பிள்ளை. என் மகன் குண்டன், அவன் காத்திருப்பான்.

இரண்டாம் நாள் தொட்டிலில் அட்டை கட்ட நர்ஸ் பெயர் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, ரய்யான் என்று வாயில் வந்துவிட்டது. 'ய்' போட்டு எழுதுங்கள் என்றும் சொன்னேன்.

காய்ச்சல் விட்டு இவளைப் பொது வார்டுக்குக் கொண்டுவந்த அன்று அட்டையைப் பார்த்தாள். பிறகு என் மடியில் கிடந்தவனைப் பார்த்தாள். "இவனுக்கும் அதேதான்" என்றாள். ஒரே வீட்டில் எப்படி என்று கேட்டேன். "ஒரு வகுப்புல நாலு பேர் இருக்கலாம், ஒரு வீட்டுல ரெண்டு பேர் இருக்கக் கூடாதா? ஒரே பாலைக் குடிச்சிட்டு ஒருத்தனுக்கு மட்டும் தாகம் தீந்துச்சுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றாள். பதிவு அலுவலகத்தில் தகப்பன் பெயர் வேறுதானே, ஒரு சிக்கலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இனி உன் மகனுக்கு நான் அத்தை மட்டும் இல்லை, பால் கொடுத்த தாய். அவர்கள் அண்ணன் தம்பி. நீ சீக்கிரம் வா.

அக்கா

நவம்பர் 6

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம்.

முகாமுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நான்கு நாள் லீவு நான்கு மணி நேரம் போலப் போய்விட்டது. ஆனால் அந்த முதல் சாயங்காலத்தை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தீரவில்லை.

பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. என் பிள்ளை எங்கே என்று கேட்டேன். வக்கீல் உள்ளேயிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இந்தாங்க மாமா, ரய்யான்" என்று கையில் வைத்தாள். எட்டு வருஷத்து அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. நெற்றியைப் பார்த்தேன், அசல் என் நெற்றி. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உன் முகத்தைப் பார்க்கத்தான்டா மலையைக் குடைந்துகொண்டு வந்தேன் என்று என்னென்னவோ உளறினேன். அவனும் புரிந்தது போல மூக்கைச் சுருக்கினான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நல்ல கனமாக இருந்தான். மறுநாள் காலையில் தூக்கினால் லேசாக இருந்தான். குழந்தைகளுக்கு எடை அப்படி ஏறி இறங்குமா என்று மாத்திரையிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே துணி மடித்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

தம்பி

நவம்பர் 20

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே பெரியவர்கள் ஐவரில் நால்வர் நலம், ஐந்தாவது ஆள் மலையில் நலமாக இருப்பதாக நம்புகிறோம். சின்னவர்கள் இருவரும் குடிக்கிறார்கள், தூங்குகிறார்கள்.

டாக்டரிடம் காட்ட வேண்டாம். அன்று சாயங்காலம் நீ தூக்கியது என் பிள்ளையை.

வக்கீலைக் கேட்டேன். "நான் என்ன பொய் சொன்னேன்? ரய்யான்னு சொன்னேன், அவன் ரய்யான்தானே" என்கிறாள். உன் பிள்ளைக்கு அப்போதுதான் துணி மாற்றிக்கொண்டிருந்தார்களாம். அதுவரை மாமா கையில் ஒன்று இருக்கட்டும் என்று கொடுத்தாளாம். நீ இப்படி உடைந்து அழுவாய் என்று அவளுக்குத் தெரியாது. நான் உடனே வாயைத் திறந்தேன். உன் மனைவி கதவோரம் நின்று உதட்டில் விரலை வைத்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. எட்டு வருஷத்து அழுகையைப் பாதியில் நிறுத்தி, ஆளை மாற்றிக் கொடுத்து, மறுபடி ஆரம்பி என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அரை மணி கழித்து நீ முகம் கழுவப் போனபோது மாற்றி வைத்தோம். நீ திரும்பி வந்து டீ குடித்தாய்.

நீ உன் நெற்றி என்று கொண்டாடியது மச்சானின் நெற்றி. அதைக் கேட்டதிலிருந்து அவர் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம் கூடியிருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்து நீ உன் மகனையும் கொஞ்சினாய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் அழுகை இருக்கிறதே, அதை என் பிள்ளை வாங்கிக்கொண்டான். கேட்டுப் பார்த்தேன், திருப்பித் தர மாட்டானாம். அடுத்த லீவுக்கு வரும்போது உன் மகனுக்கென்று தனியாகக் கொண்டு வா. இந்தத் தடவை யாரும் குறுக்கே வர மாட்டோம். வாசலில் அவனை நானே உன் கையில் தருகிறேன்.

பால் கொடுத்தவளும் பெற்றவளும் சேர்ந்து சொல்லும் ஸலாம்.

அக்கா